விக்கியில் எஸ்எஸ்ஓ லாகின் ஒரு நேரம் போகிறது, ஒரு நேரம் போகவில்லை: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எஸ்எஸ்ஓ என்பது ஒரே லாகினில் பல தளங்களுக்குள் போகும் முறை. ஒருபோதும் போகாத லாகினைச் சரிசெய்வது சுலபம். எங்கோ ஒரு செட்டிங் தப்பு; கண்டுபிடித்தால் வேலை முடிந்தது. சில நேரம் போய், சில நேரம் போகாமல் இருக்கும் லாகின்தான் ஆளை அலைக்கழிக்கும். செட்டிங் மாறவில்லை, ஆனால் வேறு ஏதோ ஒன்று மாறிக்கொண்டே இருக்கிறது. கடிகாரம், பிரவுசர், நெட் வரும் பாதை, பதில் சொல்லும் சர்வர் என்று அந்த மாறும் பொருள் எது என்பதைப் பிடிப்பதுதான் முழு வேலையும்.

பெங்களூரில் தமிழ்க் குழுக்கள் நடத்தும் சிறு விக்கியோ, ஒயிட்ஃபீல்டு அலுவலகத்தின் உள்விக்கியோ, கோளாறு பெரும்பாலும் இதே இடங்களில்தான் வருகிறது. இங்கே சொல்வது மீடியாவிக்கி என்ற விக்கி மென்பொருளையும், அதற்கு முன்னால் பாஸ்வேர்டு கேட்டு ஆளை உறுதிசெய்யும் கீக்ளோக் போன்ற லாகின் சர்வரையும் மனத்தில் வைத்து. வேறு விக்கி என்றால் செட்டிங்கின் பெயர் மாறும், காரணம் மாறாது.

கை வைக்கும் முன்

"அண்ணா, காலைல போச்சு, இப்ப போகல" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை வைத்து எதையும் செய்ய முடியாது. திருப்பிக் கேட்க வேண்டியவை நான்கு: "எத்தனை மணி, எத்தனை நிமிஷம்? எந்த பிரவுசர்? வைஃபையா, மொபைல் டேட்டாவா? கடைசியா நின்ன பக்கத்தோட முகவரி தெரியுற மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுப்பா." நிமிடம் தெரிந்தால்தான் விக்கி சர்வரின் லாகையும் (நடந்ததை நேரத்தோடு பதியும் கோப்பு) லாகின் சர்வரின் லாகையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். சர்வர் லாக் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் விக்கி சர்வரின் லாகில் ஒரு வரிகூட இல்லை என்றால், கோரிக்கை உங்கள் சர்வருக்கு வந்து சேரவே இல்லை. நேரே "மொபைலில் போகவில்லை" பகுதிக்குப் போங்கள்.

எஸ்எஸ்ஓ இல்லாமல் உள்ளே போக ஒரு உள்ளூர் அட்மின் கணக்கு இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். மீடியாவிக்கியில் எஸ்எஸ்ஓ லாகினை இணைக்கும் பிளகபிள்ஆத் நீட்சியில் உள்ளூர் லாகினை அனுமதிக்கத் தனி செட்டிங் உண்டு. அது இல்லாமல் லாகின் செட்டிங்கைத் தொட்டால், ஒரு தப்பு நடந்தாலும் விக்கிப் பக்கம் வழியாக அட்மினே உள்ளே வர முடியாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். விட்டுவிட்டு வரும் கோளாறில் 3 மாற்றம் சேர்த்துச் செய்தால், எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

அறிகுறி 1: பாஸ்வேர்டு சரி, ஆனால் மறுபடி லாகின் பக்கமே வருகிறது

முதலில் அந்த ஒரு ஆளுக்கு மட்டுமா என்று பாருங்கள். மறைநிலை விண்டோவில் போகிறது என்றால் பழைய குக்கிதான் காரணம். விக்கியின் டொமைனுக்கு மட்டும் குக்கிகளை அழிக்கச் சொல்லுங்கள். மொத்தமாக அழிக்கச் சொன்னால் அவருக்கு வேறு பத்து லாகின் போய்விடும்.

பலருக்கு வருகிறதென்றால், அவர்கள் விக்கிக்குள் எந்த முகவரி வழியாக வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒருவர் 'டப்ள்யூடப்ள்யூடப்ள்யூ' சேர்த்த பழைய புக்மார்க் வழியாக வருவார், மற்றவர் அது இல்லாமல் வருவார். குக்கி ஒரு பெயருக்குப் பதிவாகிறது, லாகின் சர்வர் திருப்பி அனுப்புவது இன்னொரு பெயருக்கு. அங்கே குக்கி இல்லை, மறுபடி லாகின். லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் உள்ள சர்வர் முகவரி, லாகின் சர்வரில் பதிந்த திரும்பும் முகவரி, மக்கள் தட்டும் முகவரி மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மற்ற பெயரில் வருபவர்களை வெப் சர்வரிலேயே, லாகின் தொடங்கும் முன், சரியான பெயருக்குத் திருப்பிவிடுங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் குழப்பத்துக்கும் இதே மருந்துதான்.

அடுத்து, விக்கிக்கு முன்னால் பக்கங்களின் நகலைச் சேமித்துத் தரும் கேஷ் (சிடிஎன் அல்லது வார்னிஷ்) இருந்தால் அது லாகின் பக்கத்தைச் சேமித்து வைக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்காக உருவான திருப்பிவிடும் பதில் அடுத்தவருக்கும் போனால், அவருக்குச் சேராத அடையாளத்தோடு அவர் போய் நிற்பார். சிறப்புப் பக்கங்களும் லாகின் திரும்பும் முகவரியும் கேஷில் ஏறவே கூடாது.

சாமல் என்பது லாகின் சர்வர் 'இவர் இன்னார்' என்று விக்கிக்குச் சொல்லும் ஒரு முறை; அதற்கான மென்பொருளான சிம்பிள்சாமல்பிஎச்பி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று தனியாக. அது தன் நிலையைப் பிஎச்பி செஷனிலேயே (ஒருவர் உள்ளே இருப்பதை சர்வர் நினைவில் வைக்கும் பதிவு) வைத்தால் மீடியாவிக்கியின் செஷனோடு மோதும். சேமிப்பு வகையை டேட்டாபேஸ் அல்லது மெம்கேஷ்டு (நினைவகத்தில் சேமிக்கும் மென்பொருள்) என்று மாற்றுங்கள். நீட்சியை நிறுவும்போது பலர் தவறவிடும் படி இது.

இதோடு டிஸ்க் நிறைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிஸ்க் நிறைந்தால் செஷன் கோப்பை எழுத முடியாது. லாகின் எந்தப் பிழையும் சொல்லாமல் மறுபடி ஆரம்பத்துக்கே வரும். இடம் இருந்தும் ஐநோடு (எத்தனை கோப்பு வைக்கலாம் என்ற வரம்பு) தீர்ந்திருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

அறிகுறி 2: ஓடிபி உடனே வந்தால் போகிறது, தாமதமானால் போகவில்லை

நேரம் எடுத்துப் பார்க்க வேண்டிய கோளாறு இது. "என் கம்ப்யூட்டரில் சரியாத்தானே வருது" என்று அட்மின் சொல்லிவிடுவார், ஏனென்றால் அட்மின் வேகமாகத் தட்டுவார். ஓடிபிக்காகக் காத்திருப்பவர், ஃபோனை வேறு அறையில் வைத்தவர், ஆதென்டிகேட்டர் செயலியைத் தேடுபவர், இவர்களுக்குத்தான் தோற்கும். சிம்பிள்சாமல்பிஎச்பி என்றால் நிலைத் தகவல் தொலைந்துவிட்டது என்ற பிழை திரையில் வரும்.

காரணம் குரோமின் ஒரு விதி. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கி போகலாமா என்று சொல்லும் குறிப்பு) என்ன என்று குறிப்பிடாத குக்கியை அது 'லாக்ஸ்' (Lax) என்று எடுத்துக்கொள்கிறது. லாக்ஸ் குக்கி, வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (தகவலைப் படிவம் போல அனுப்பும் முறை) வரும் கோரிக்கையோடு போகாது. சாமல் லாகினில் பதில் வருவதோ அப்படித்தான்: லாகின் சர்வரிலிருந்து உங்கள் விக்கிக்கு ஒரு போஸ்ட். அப்படியானால் எப்போதுமே தோற்க வேண்டுமே? பழைய தளங்கள் உடையாமலிருக்க குரோம் ஒரு சலுகை வைத்தது: அந்தக் குக்கி உருவாகி 2 நிமிடம் ஆகாமல் இருந்தால் அனுப்பிவிடும். ஆகவே 2 நிமிடத்துக்குள் முடித்தவர் உள்ளே, மற்றவர் வெளியே. எட்ஜும் குரோமின் அதே அடித்தளத்தில் ஓடுவதால் அதிலும் இப்படித்தான்.

சோதனை:

1. மறைநிலை விண்டோவில் விக்கியைத் திறந்து லாகினைச் சொடுக்குங்கள். உடனே பாஸ்வேர்டு, ஓடிபி கொடுங்கள். போக வேண்டும்.
2. வெளியேறி, விண்டோவை மூடி, புதிதாகத் திறங்கள். லாகின் பக்கம் வந்ததும் 3 நிமிடம் சும்மா இருந்துவிட்டு, பிறகு கொடுங்கள்.
3. இரண்டாவது முறை தோற்றால், அதே 3 நிமிடக் காத்திருப்பை ஃபயர்பாக்ஸில் செய்யுங்கள். அங்கே போய் குரோமில் மட்டும் தோற்றால் சந்தேகமே வேண்டாம்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் குரோமில் எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் பழைய லாகைத் தக்கவைக்கும் பெட்டியை டிக் செய்து, லாகினை ஓட்டுங்கள். லாகின் சர்வரிலிருந்து திரும்பும் போஸ்ட் வரியைச் சொடுக்கி, குக்கி பகுதியில் வடிகட்டப்பட்ட குக்கிகளையும் காட்டும் பெட்டியை டிக் செய்யுங்கள். தடுக்கப்பட்ட குக்கி மஞ்சள் நிறத்தில் தெரியும். மேலே சுட்டியை வைத்தால் ஏன் தடுத்தது என்று குரோமே சொல்லும்.

மருந்து எளிது. விக்கியின் தரப்பில் சாமல் செஷன் குக்கிக்கு சேம்சைட் மதிப்பை 'நன்' (None) என்றும், செக்யூர் என்பதை ஆம் என்றும் வையுங்கள். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். செக்யூர் இல்லாத 'நன்' குக்கியை குரோம் ஏற்காது. அதனால் தளம் முழுவதும் எச்டிடிபிஎஸ் ஆகியிருக்க வேண்டும். மாற்றியதும் அதே 3 நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சாமலுக்கு மாற்றான ஓபன்ஐடி கனெக்ட் முறையில் பதில் வழக்கமாக கெட் முறையில் (சாதாரண இணைப்பைத் திறப்பது போல) வருவதால் இந்தத் தொல்லை இல்லை. யாரோ பதில் முறையை ஃபார்ம் போஸ்ட் என்று மாற்றியிருந்தால் மட்டும் வரும். விக்கியும் லாகின் சர்வரும் ஒரே தாய் டொமைனின் கீழ் இருந்தாலும் வராது. பிரவுசருக்கு அவை ஒரே தளம்.

குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் தாமதித்தால் தோற்கிறது என்றால் குக்கி காரணமில்லை. லாகின் சர்வரின் காலக்கெடு. கீக்ளோக்கில் லாகின் பக்கத்துக்கு இயல்பாக 30 நிமிடம் தருகிறார்கள். யாராவது அதைக் குறைத்திருக்கிறார்களா என்று அந்த சர்வரின் அட்மினைக் கேளுங்கள்.

அறிகுறி 3: கரண்ட் போய் வந்த பிறகு, அல்லது சர்வர் ரீஸ்டார்ட் ஆன பிறகு, பலருக்குப் போகவில்லை

கடிகாரம். வேறு எதையும் தேடும் முன் இதைப் பாருங்கள். ஒரு கட்டளையில் தெரிந்துவிடும். ஏப்ரல், மே மாத மாலை மழையில் கரண்ட் போய், யுபிஎஸ் தாங்காமல், அலுவலக மூலையில் இருக்கும் சர்வர் அணைந்து எழுந்தால் இது வர வாய்ப்பு அதிகம்.

சாமல் பதிலில் இந்த நேரத்துக்கு முன்பு செல்லாது, இந்த நேரத்துக்குப் பிறகு செல்லாது என்று இரண்டு எல்லை எழுதியிருக்கும். ஓபன்ஐடி டோக்கனிலும் இதே போலத்தான். சிம்பிள்சாமல்பிஎச்பி இயல்பாக 180 வினாடி வித்தியாசம் வரை பொறுக்கும். வித்தியாசம் அந்த எல்லையை ஒட்டி ஆடினால் ஒருவருக்குப் போகும், அடுத்தவருக்குப் போகாது.

டைம்டேட்சிடிஎல் கட்டளையை விக்கி சர்வரிலும் லாகின் சர்வரிலும் ஓட்டி யுடிசி நேரத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் இந்திய நேரத்தை யாரோ யுடிசி என்று கொடுத்துவிட்டார்கள். சில நிமிடம் என்றால் நேரம் ஒத்திசைவது நின்றிருக்கிறது. நேரத்தை ஒத்திசைக்கும் குரோனி ஓடுகிறதா, ஃபயர்வாலில் அதற்கான யுடிபி 123 திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

விர்ச்சுவல் மெஷினைத் தூங்கவைத்து எழுப்பினால் குரோனி ஓடிக்கொண்டே இருந்தும் நேரம் தப்பாக நிற்கலாம். பெரும்பாலான லினக்ஸ் அமைப்புகளில் அது ஆரம்பத்தின் முதல் 3 திருத்தங்களில் மட்டும்தான் நேரத்தை ஒரே தாவலில் மாற்றும். பிறகு மெதுவாக இழுத்துச் சரிசெய்யும். எழுப்பியதும் குரோனியை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ஒவ்வொரு முறை அணைந்து எழும்போதும் நேரம் பல வருடம் பின்னால் போகிறது என்றால் மதர்போர்டின் பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் அது 3 வோல்ட் சிஆர்2032 வட்டப் பேட்டரி. எஸ்பி ரோட்டில் எந்தக் கடையிலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். மாற்றும் முன் பயாஸ் செட்டிங்கை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, மெஷினை அணைத்து, பிளக்கையும் உருவிவிடுங்கள். மாற்றிய பிறகு பூட் முறை முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் அமைப்பு) உள்ள சர்வர் என்றால் நீங்கள் திறக்காதீர்கள். பயாஸ் செட்டிங் அழிந்து டிஸ்க் வரிசை தெரியாமல் போனால் செலவு பல மடங்காகும். அந்த வேலைக்குச் சர்வர் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.

நிறுவனமாக இருந்தால் இதில் சட்டமும் உண்டு. 2022 ஏப்ரலில் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, சர்வர் நேரம் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

அறிகுறி 4: ஆபீஸ் வைஃபையில் போகிறது, மொபைலில் போகவில்லை (அல்லது மாறி)

சர்வரை இடம் மாற்றிய பிறகு வருவது இது. ஐபிவி4 முகவரியை டிஎன்எஸ்ஸில் (தளத்தின் பெயரை ஐபி முகவரியாக்கும் பட்டியல்) மாற்றியிருப்பார்கள். புதிய வகை முகவரியான ஐபிவி6க்கான நான்கு-ஏ (AAAA) பதிவு பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருக்கும். ஆபீஸ் பிராட்பேண்டில் ஐபிவி4 மட்டும் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஜியோ மொபைல் நெட் ஐபிவி6 பாதையில் பெரிதும் ஓடுவதால் அங்கே இருப்பவர் பழைய சர்வரில் போய் முட்டுவார். பழைய சர்வர் இன்னும் உயிரோடு இருந்தால் பக்கம்கூடத் திறக்கும், லாகின் மட்டும் போகாது. நான்கு-ஏ பதிவைச் சரியான முகவரிக்கு மாற்றுங்கள், அல்லது நீக்குங்கள். பதிவின் ஆயுள் முடியும் வரை சிலருக்குப் பழையதே தெரியும், பொறுங்கள்.

ஆபீஸிலேயே இரண்டு பிராட்பேண்ட் வாங்கி ஒரே ரௌட்டரில் பங்கிட்டிருந்தால், ஒரே ஆளின் கோரிக்கைகள் ஒன்று விட்டு ஒன்று வேறு வேறு ஐபியிலிருந்து போகும். சாமல் லாகினுக்கான இன்னொரு மென்பொருளான ஷிபலெத் இயல்பாகவே, செஷன் ஆரம்பித்த ஐபியிலிருந்துதான் தொடர்கிறதா என்று பார்க்கும்; மாறினால் வெளியே தள்ளும். மெட்ரோவில் வைஃபையும் மொபைல் டேட்டாவும் மாறி மாறி வருபவருக்கும் இதே கதி. ரௌட்டரில் ஒரு கம்ப்யூட்டரை ஒரே இணைப்பில் ஒட்டவைக்கும் செட்டிங்கைப் போடுவது முதல் வழி. மொபைலில் வருபவர்கள் அதிகம் என்றால் ஷிபலெத்தின் ஐபி சரிபார்ப்பை எடுத்துவிடலாம் என்பது எங்கள் கருத்து, ஆனால் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் சம்மதித்த பிறகு.

இன்னொன்று: சில செயலிகள் இணைப்பைத் தங்களுக்குள்ளேயே திறக்கும். அந்தக் குட்டி பிரவுசருக்குக் குக்கிகள் தனி. கூகுள் லாகின் அதற்குள் நடக்க கூகுளே விடாது. இணைப்பை வெளியே குரோமில் திறக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி 5: ஒரு முறை போகிறது, ரீஃப்ரெஷ் செய்தால் போகவில்லை, மறுபடி போகிறது

பின்னால் இரண்டு சர்வர் இருக்கிறது. ஒரு கவுன்டரில் வாங்கிய டோக்கனை அடுத்த கவுன்டரில் நீட்டினால் செல்லாதது போல, முதல் சர்வர் வைத்த செஷன் இரண்டாவதற்குத் தெரியாது. மீடியாவிக்கியின் கேஷ் வகை ஏபிசியு என்றிருந்தால் அது அந்தந்த சர்வரின் நினைவில் மட்டுமே இருக்கும். பிஎச்பியை ரீஸ்டார்ட் செய்தாலும் காலி.

சோதிக்க, உங்கள் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் விக்கியின் பெயரை முதல் சர்வரின் ஐபிக்குக் கட்டி லாகின் செய்யுங்கள், பிறகு இரண்டாவதற்கு. தனித்தனியே இரண்டிலும் ஒழுங்காகப் போய், சேர்ந்து ஓடும்போது மட்டும் தோற்றால் செஷன் சேமிப்புதான். செஷன் கேஷை இரண்டுக்கும் பொதுவான ரெடிஸ், மெம்கேஷ்டு அல்லது டேட்டாபேஸுக்கு மாற்றுங்கள். மெம்கேஷ்டு இயல்பாக எடுப்பது 64 எம்பி மட்டும். மற்ற கேஷும் அதிலேயே இருந்தால் நிறைந்து செஷன்களை வெளியே தள்ளும். வெளியேற்ற எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அளவைக் கூட்டுங்கள்.

ஒரு சர்வரில் மட்டும் எப்போதும் தோற்றால் அந்த சர்வரின் செட்டிங் கோப்பையும் கடிகாரத்தையும் மற்றதோடு ஒப்பிடுங்கள்.

இரண்டு விக்கி சர்வரும் ஒழுங்கு, லாகில் மட்டும் கையொப்பம் செல்லாது என்று விட்டுவிட்டு வருகிறதா? லாகின் சர்வர் தரப்பில் சான்றிதழ் மாறியிருக்கும்; அங்கே ஒரு சர்வர் புதியதாலும் இன்னொன்று பழையதாலும் கையொப்பமிடும். அவர்களிடமிருந்து புதிய மெட்டாடேட்டாவை (லாகின் சர்வரின் முகவரியும் சான்றிதழும் உள்ள கோப்பு) வாங்கி, இரண்டு சான்றிதழையும் சில நாள் சேர்த்தே வையுங்கள். கையொப்பச் சரிபார்ப்பை அணைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். ஒரு நிமிடத்துக்குக்கூட வேண்டாம். அந்த நிமிடத்தில் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் உள்ளே வரலாம்.

அறிகுறி 6: குறிப்பிட்ட சிலருக்கு மட்டும்

400 அல்லது 502 பிழை வந்தால் ஹெடர் (குக்கிகளைச் சுமந்து போகும் தலைப்பகுதி) பெரிதாகியிருக்கலாம். விக்கிக்கு முன்னால் லாகினைக் கவனிக்கும் பிராக்ஸி, டோக்கனைக் குக்கியிலேயே வைத்தால், பல குழுக்களில் உறுப்பினராக இருப்பவரின் குக்கி வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் இயல்பான அளவைத் தாண்டும். குழுப் பட்டியலில் விக்கிக்கு வேண்டியதை மட்டும் டோக்கனில் அனுப்பச் சொல்லுங்கள்; அளவைக் கூட்டுவது அடுத்த வழி. காலையில் பிரவுசரைத் திறந்ததும் நேற்றைய 15 விக்கி டேப் ஒரே நேரத்தில் லாகினைத் தொடங்கினாலும் குக்கிகள் குவியும். அவர்கள் ஒரு டேபில் லாகின் செய்துவிட்டு மற்றவற்றை ரீஃப்ரெஷ் செய்தால் போதும்.

பெயர்க் குழப்பம் இன்னொன்று. மீடியாவிக்கி பயனர் பெயரின் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கும், மற்ற எழுத்துகளில் பெரியது சிறியது வேறு வேறு. '@' குறி பெயரில் கூடாது, ஆகவே மின்னஞ்சலை அப்படியே பெயராக்க முடியாது. தமிழ்ப் பெயர் வைத்தால் 'ொ' ஒரே குறியீடாகவும் வரலாம், 'ெ'யும் 'ா'வும் சேர்ந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பயனர் பெயராக மாறாத பணியாளர் எண்ணை வைத்து, தமிழ்ப் பெயரை உண்மைப் பெயர் இடத்தில் போடுங்கள்.

அறிகுறி 7: எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே தள்ளுகிறது

முதலில் எழுதியதை நகலெடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பிறகு மறுபடி சேமிக்கட்டும். பல நேரம் இரண்டாவது முறை ஏறிவிடும். மீடியாவிக்கியின் செஷன் தரவு இயல்பாக 1 மணி நேரம் கைபடாமல் இருந்தால் போய்விடும். நீண்ட கட்டுரை எழுதுபவர்கள் இருந்தால் அதை 4 மணி நேரமாக்குங்கள். கீக்ளோக்கில் இயல்பாக 30 நிமிடம் சும்மா இருந்தாலும் செஷன் முடியும், மொத்தம் 10 மணி நேரம் ஆனாலும் முடியும். காலை 9 மணிக்கு உள்ளே வந்தவரின் எஸ்எஸ்ஓ இரவு 7 மணிக்கு முடியும். தினமும் ஒரே நேரத்தில் புகார் வந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எப்போது நிபுணரைக் கூப்பிடுவது

லாகின் சர்வரின் லாகிலேயே பிழை இருந்தால், சான்றிதழ் மாற்றம் என்றால், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரைத் தொட வேண்டுமென்றால் அதற்குரிய அட்மினிடம் ஒப்படையுங்கள். வேறொருவர் பெயரில் உள்ளே போய்விட்டதாக யாராவது சொன்னால், ஒருவர் சொன்னாலும், விக்கியை உடனே பராமரிப்பு நிலைக்கு மாற்றி, அதே நாளில் பாதுகாப்புக் குழுவைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அது கேஷ் கோளாறு, ஆனால் விளைவு தரவுக் கசிவு.

அவர்களிடம் கொடுக்க வேண்டியது: தோற்ற 3 முயற்சிகளின் நேரம் வினாடியோடு, ஜெயித்த ஒரு முயற்சியின் நேரம், பிரவுசர் பெயரும் பதிப்பும், அந்த நேரத்து ஐபி, இரண்டு சர்வர்களின் யுடிசி நேரம், கடந்த 2 வாரத்தில் செய்த மாற்றங்கள். பிரவுசரிலிருந்து எடுத்த நெட்வொர்க் பதிவைக் கேட்டால், அதில் உயிருள்ள குக்கியும் டோக்கனும் இருக்கும் என்பதால், வெளியேறி செஷனைக் கொன்ற பிறகே அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.